கூட்டமில்லாத வெப்பமண்டலத் தீவுகள்: கடற்கரை, காடு, ஸ்நார்கெலிங் மூன்றுக்கும் ஏற்றது எது?

கேள்வி: பவளமல்லி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் அடுத்த ஆண்டு ஏறக்குறைய மூன்று வாரம் ஏதேனும் ஒரு வெப்பமண்டலத் தீவில் தங்கிவர எண்ணியிருக்கிறோம். பெரிய விடுதி, நீச்சல்குளம், இரவுக் கேளிக்கை எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்க்க வேண்டும்; காலை வேளைகளில் காட்டுப் பாதையில் நடந்து பறவைகளைத் தேட வேண்டும்; மாலையில் ஆளரவம் இல்லாத மணற்பரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்கூபா பயிற்சி பெறும் எண்ணம் இருவருக்கும் இல்லை. ஆகவே ஸ்நார்கெலிங் செய்தே, அதாவது மூச்சுக்குழாயோடு நீரின் மேல் மிதந்தபடியே, பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

ராஜா அம்பட், டோகியன், பலாவ், மாலத்தீவு, அந்தமான், சேஷெல்ஸ் என்று படித்துக்கொண்டே போகிறேன். ஒவ்வொன்றையும் ஒரே சொற்களால் புகழ்கிறார்கள். ஒளிப்படங்களில் ஒரே நீல நீரும் ஒரே சாய்ந்த தென்னையும் தெரிகின்றன. ஒரு தீவு உண்மையில் கெடாமல் இருக்கிறதா, அதன் பவளங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதைப் போய்ச் சேருமுன்பே ஓரளவேனும் கணிக்க வழியுண்டா? நாங்கள் கேட்கும் மூன்றும் ஒரே தீவில் கிடைக்குமா? நேரில் சென்று வந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நெய்தல்வாசி

வணக்கம், பவளமல்லி அவர்களே. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடையில்தான் மற்றவற்றுக்கான விடையும் அடங்கியிருக்கிறது. மூன்றும் ஒரே தீவில் ஒரே தரத்தில் கிடைப்பது அரிது. அதற்குக் காரணம் தீவு உருவான விதம்.

மாலத்தீவு, பசிபிக் பெருங்கடலின் துவாமோட்டு போன்ற பவளத்தீவுகள் முழுக்க முழுக்கப் பவளச் சிதைவாலும் மணலாலும் ஆனவை. மாலத்தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டரைக்கூட எட்டாது. அங்கே ஆறில்லை, ஓடையில்லை. மண்ணை அடித்துக்கொண்டு வந்து கடலைக் கலக்க எதுவும் இல்லாததால் நீர் கண்ணாடியைப்போல் தெளிந்திருக்கும். ஆனால் அதே காரணத்தால் காடும் இருக்காது. தென்னையும் தாழையும் சில புதர்களும் தாண்டினால் மறுகரை வந்துவிடும். இதற்கு நேர்மாறாக, எரிமலையாலோ பழைய நிலத்துண்டாலோ ஆன உயரமான தீவுகளில் மழைக்காடும் அருவியும் பறவைகளும் நிறைந்திருக்கும். ஆனால் பெருமழை பெய்த மறுநாள் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கடல் பழுப்பாகிவிடும், அங்கே பவளமும் செழிக்காது. ஆகவே காடும் பவளமும் ஒருங்கே வேண்டுவோர் ஒற்றைத் தீவைத் தேடாமல் தீவுக்கூட்டத்தைத் தேட வேண்டும். நடுவே காடடர்ந்த பெரிய தீவு ஒன்றும், அதைச் சுற்றி ஆறில்லாத சிறு தீவுகளும் அமைந்த இடமே உங்களுக்கு ஏற்றது. சுண்ணாம்புக்கல் தீவுகள் இந்த வகையில் இன்னும் நல்லவை. மழைநீர் பாறைக்குள் இறங்கிவிடுவதால் காடு இருந்தும் கடல் அவ்வளவாகக் கலங்குவதில்லை.

அடுத்தது மணல். அகன்ற, வெண்மையான, காலுக்கு மெத்தென்ற கடற்கரை உள்ள இடத்தில் கரையோரத்தில் பவளம் பெரும்பாலும் இருக்காது. அலைந்துகொண்டே இருக்கும் மணலில் பவளக்குஞ்சு பற்றி வளர இடமில்லை. அந்த மணலின் பெரும்பகுதி பவளத்திட்டிலிருந்து வந்ததுதான் என்பது வேறு செய்தி: கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, மணலாகக் கழிக்கின்றன, ஒரு பெரிய கிளிமீன் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை உருவாக்கும். நீருக்குள் காதைத் தீட்டினால் அவை கொறிக்கும் ஓசைகூடக் கேட்கும். எனவே தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடற்கரை எவ்வளவு அழகு என்று பார்ப்பதைவிடப் பவளத்திட்டின் விளிம்பு கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் இது தெளிவாகத் தெரியும். வெளிர்நீலம், திட்டுக்கும் கரைக்கும் இடையே உள்ள ஆழமற்ற மணற்களப்பு. பழுப்புத் திட்டுகள் பவளமாகவோ கடற்புல்லாகவோ இருக்கும். திடீரென்று கருநீலமாக மாறும் கோடுதான் விளிம்பு. அந்தக் கோடு கரையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டருக்குள் இருந்தால் படகை நம்பியிருக்கத் தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால், ஒவ்வொரு முறையும் படகு பேச வேண்டியதுதான். விளிம்பு வரை நீளும் படகுத்துறை இருந்தால் மிகவும் நல்லது. வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும் வேளையில், திட்டின் மேல்தளத்தில் முழங்கால் அளவு நீரே இருக்கும். அதன்மேல் நடந்து கடப்பது பவளத்துக்கும் உங்கள் காலுக்கும் கேடு. துறையின் படியிலிருந்து நேரே ஆழத்தில் இறங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

பவளம் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தவரை, பழைய பயணக்குறிப்புகளை நம்பாதீர்கள். கோடைக்கால உச்ச வெப்பநிலையைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அந்நிலை சில வாரம் நீடித்தாலே, பவள உயிரிகள் தமக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிவிடுகின்றன. 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலகளாவிய வெளிறல் மூன்று முறை நிகழ்ந்தது. நான்காவது வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 1998இல் சேஷெல்ஸின் உட்தீவுகளைச் சூழ்ந்த உயிர்ப்பவளத்தின் மிகப்பெரும் பகுதி மடிந்தது. கிளைப்பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் என்பதால் சில ஆண்டுகளில் ஓரளவு மீளும்; உருண்டையான பெரும்பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதால் அது மீள ஒரு தலைமுறைகூடப் போதாது. ஆகவே கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்கப்பட்ட, நீருக்கடியிலான ஒளிப்படங்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். ட்ரோன் படத்தால் பயன் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் பரிந்துரை ராஜா அம்பட்தான். இந்தோனேசியாவின் தென்மேற்குப் பாப்புவா மாகாணத்தில், வைகியோ, பட்டாண்டா, சலவாட்டி, மிசூல் என்னும் நான்கு பெரிய தீவுகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தீவுகளையும் கொண்ட கூட்டம் அது. உலகில் அறியப்பட்ட வன்பவள இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கே வாழ்கிறது. பதிவான மீனினங்கள் 1,400க்கு மேல். க்ரி தீவின் முனையில் ஒரே முக்குளிப்பில் 374 மீனினங்களை ஒரு மீனியல் அறிஞர் எண்ணிப் பதிவு செய்திருக்கிறார். சோரோங் நகரிலிருந்து வைகியோ தீவிலுள்ள வைசாய்க்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரப் படகுப் பயணம். அங்கிருந்து சிறு படகில் தீவுகளுக்குச் செல்லலாம். ஊர்க்காரர்கள் நடத்தும் ஹோம்ஸ்டே குடில்கள் நீரின் மேலேயே நிற்கும். படியிறங்கினால் பவளம். அடிமண்ணில் படுத்திருக்கும் கம்பளச் சுறாவையும், இரவில் ஆழமற்ற நீரில் துடுப்புகளை ஊன்றி நடக்கும் சிறு சுறாவையும் ஸ்நார்கெலிங்கிலேயே பார்க்கலாம். காட்டைப் பொறுத்தவரை, வைகியோ, பட்டாண்டா ஆகிய இரண்டு பெரிய தீவுகளைத் தவிர வேறெங்கும் பேர்சொல்லும்படி காணக்கிடைக்காத வில்சன் சொர்க்கப்பறவை அங்கே உண்டு. காம் தீவில் விடியலுக்கு முன்னரே ஏறிக் காத்திருந்தால் செஞ்சொர்க்கப்பறவைகளின் ஆட்டத்தைக் காணலாம். அந்த ஒரு காலைக்காகவே அவ்வளவு தூரம் செல்லலாம் என்பது என் கருத்து.

மறுமொழி: திசைமானி

நெய்தல்வாசி அவர்கள் புவியமைப்பைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் தொலைவில் இருப்பதால்தான் ஒரு தீவு கெடாமல் இருக்கிறது என்னும் எண்ணம் இத்தகைய உரையாடல்களில் சொல்லாமலே புகுந்துவிடுகிறது. அதை மட்டும் மறுக்க விரும்புகிறேன்.

யாரும் செல்லாத தீவு என்பதற்கு, யாரும் கண்காணிக்காத தீவு என்றும் பொருள் இருக்கலாம். தென்கிழக்காசியாவின் ஒதுக்குப்புறத் தீவுகள் பலவற்றில் வெடிவைத்து மீன்பிடித்ததாலும் சயனைடு தெளித்ததாலும் பவளத்திட்டுகள் கற்குவியலாகக் கிடக்கின்றன. மேலே ஆளில்லாத அழகிய மணற்கரை, கீழே உடைந்த சுண்ணாம்பு. குப்பையும் அப்படியே. குப்பையை அகற்ற ஏற்பாடு இல்லாத சிறு தீவில், பத்துப் பேர் தங்கினாலும் அவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் எரிக்கப்படும் அல்லது கடலில் சேரும். கடல் நீரோட்டம் கொண்டுவந்து ஒதுக்கும் குப்பையோ, மனிதர் காலடியே படாத கரையையும் விடுவதில்லை.

மாறாக, ஆட்கள் வந்துபோனாலும் ஒழுங்காகக் காக்கப்படும் இடங்கள் இருக்கின்றன. மாலத்தீவின் பா பவளத்தீவுக்கூட்டத்தை யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் மிதவையுயிரிகளை உண்ணத் திரளும்போது, ஸ்கூபாவுக்கு அனுமதியே இல்லை. ஸ்நார்கெலிங் மட்டும், அதுவும் காவலர் மேற்பார்வையில், குறித்த நேரத்துக்கு. உங்களைப் போன்றவர்களுக்கென்றே இட்ட விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் சிப்பாடான் தீவில் இருந்த விடுதிகள் அனைத்தும் 2004இல் வெளியேற்றப்பட்டன. அதன்பின் பயணிகள் யாரும் இரவு தங்குவதில்லை, பகலிலும் எண்ணி வரையறுத்த அனுமதிச்சீட்டுகளே வழங்கப்படுகின்றன. பலாவ் நாட்டில் 2017 இறுதி முதல், இயற்கைக்கு ஊறு செய்யமாட்டேன் என்னும் உறுதிமொழியைக் கடவுச்சீட்டிலேயே முத்திரையாகப் பதித்து, வருவோரிடம் கையொப்பம் வாங்குகிறார்கள். பவளத்துக்குத் தீங்கான வேதிப்பொருள் உள்ள சன்ஸ்கிரீன் அங்கே 2020 தொடக்கம் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பிலிப்பீன்ஸின் ஆப்போ தீவில் 1980களிலேயே ஊரார் தங்கள் கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இன்று அங்கே இடுப்பளவு நீரிலேயே பேராமைகள் மேய்வதைப் பார்க்கலாம். 2011, 2012ஆம் ஆண்டுப் புயல்களில் அந்தக் காப்பிடத்தின் பவளம் பெரிதும் சிதைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதிகளால் மனிதரைத்தான் தடுக்க முடியும்.

மூடிவைத்துத் திறந்த இடங்களையும் எளிதில் ஒதுக்கிவிடாதீர்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையவும் ஆட்கள் நீந்தவும் தடை இருந்தது. ஆழமற்ற நீருக்குக் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. அதே நாட்டின் சிமிலான், சூரின் தீவுகள் ஒவ்வோர் ஆண்டும் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகின்றன. இப்படி ஆண்டுதோறும் ஓய்வு பெறும் கடலை, விதியே இல்லாத தொலைதூரக் கடலைவிட நான் நம்புவேன்.

ஆகவே தீவைத் தேர்ந்தெடுக்கும்போது, இங்கே எது தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். நங்கூரம் பாய்ச்சத் தடை உண்டா, படகுகளைக் கட்ட மிதவைகள் இருக்கின்றனவா, மீன்பிடி தடைப்பகுதி எங்கே தொடங்குகிறது என்று விடுதிக்காரரைக் கேட்டால் உடனே விடை சொல்லும் ஊரில் பவளம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ராஜா அம்பட்டும் இந்தச் சோதனையில் தேறும்தான். அங்கே காப்புப்பகுதிகளும் சுற்றுக்காவலும் இருக்கின்றன, குறித்த காலத்துக்குக் கடலை மூடிவைக்கும் சாசி என்னும் பழைய வழக்கத்தையும் சில ஊர்களில் உயிர்ப்பித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2017 மார்ச்சில் க்ரி தீவருகே ஒரு சுற்றுலாக் கப்பல் வற்றத்தில் தரைதட்டிப் பெரும்பரப்பிலான பவளத்தை நொறுக்கியது.

பவளமல்லி

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை. முதல் கேள்வியில் சொல்லாமல் விட்ட சிலவற்றை இப்போது சேர்க்கிறேன். எங்களுக்கு விடுப்பு கிடைக்கக்கூடியது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டுமே. அடுத்து, என் கணவருக்கு நீச்சல் தெரியும், ஆனால் திறந்த கடலில் பழக்கமில்லை, கண்ணாடியும் அணிபவர். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வாங்கினால் வாயால் மூச்சுவிடும் சிரமம் இருக்காது என்று அவர் சொல்கிறார். அது சரிதானா? நீரோட்டத்தைப் பற்றி நீங்கள் யாரும் சொல்லவில்லையே என்றும் கேட்கிறார்.

மறுமொழி: அலைகாவலன்

உங்கள் கணவர் கேட்டதுதான் இங்கே எழுந்த கேள்விகளில் முதன்மையானது என்பேன். பல ஆண்டுகளாக ஸ்நார்கெலிங் குழுக்களைக் கடலுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முழுமுக மாஸ்க் வேண்டாம். தரம் குறைந்தவற்றில் நாம் விட்ட மூச்சு முழுதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிக் கரியமில வாயு கூடக்கூடும்; தலை கிறுகிறுப்பது தெரிவதற்குள் தடுமாற்றம் வந்துவிடும். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்றவும் எளிதல்ல. கண்ணும் மூக்கும் மட்டும் மூடும் சாதாரண மாஸ்க்கும், வளைவில்லாத எளிய குழாயும் போதும். வாயால் மூச்சுவிடுவது ஓரிரு நாளில் பழகிவிடும். அதை முதலில் இடுப்பளவு நீரில் நின்றபடியே பழக வேண்டும். குழாயில் நீர் புகுந்தால் பதறாமல் ஒரே ஊதலில் வெளியேற்றுவதையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தபின்னும் அது விழாமல் ஒட்டியிருந்தால் உங்கள் முகத்துக்கு உரியது. மீசை இருந்தால் மேலுதட்டின் வழியே நீர் கசியும். மூக்கை ஒட்டிய பகுதியை மட்டும் மெல்லிய கோடாக மழித்துக்கொண்டால் போதும். முழு மீசையையும் தியாகம் செய்ய வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக்கு ஏற்ற கண்ணாடி பொருத்திய மாஸ்க் ஆயத்தமாகவே கிடைக்கும். பவர் மிகச் சரியாகப் பொருந்தாவிட்டாலும் நீருக்குள் தெளிவாகவே தெரியும். தீவில் வாடகைக்கு அது கிடைக்காது என்பதால் புறப்படுமுன் வாங்கிவிடுங்கள்.

நீரோட்டத்துக்கு வருகிறேன். பவளம் செழிக்கும் இடங்கள் பலவற்றில் நீரோட்டம் வலுவாக இருக்கும், ஏனெனில் உணவைக் கொண்டுவருவது அதுதான். நெய்தல்வாசி அவர்கள் புகழ்ந்த க்ரி தீவு டாம்பியர் நீரிணையை ஒட்டியது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட வேளையில் கடல் ஆறுபோல ஓடும். பவளத்தீவுக்கூட்டங்களில் களப்பையும் வெளிக்கடலையும் இணைக்கும் வாய்க்கால்கள் இன்னும் ஆபத்தானவை. வற்றத்தின்போது களப்பின் நீர் முழுவதும் அவ்வாய்க்கால் வழியே வெளியே பாயும். அதில் சிக்கினால் நீந்தி எதிர்ப்பது யாராலும் ஆகாது. ஆகவே அன்றைய ஏற்ற வற்ற நேரங்களைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் நிறைந்து நீர் அசையாமல் நிற்கும் நேரத்தை ஒட்டி இறங்குவது நல்லது. அப்போது நீரும் தெளிவாக இருக்கும், பவளத்துக்கு மேல் மிதக்கப் போதிய ஆழமும் இருக்கும். இறங்கியவுடன் ஒரு நிமிடம் அசையாமல் மிதந்து, கீழே உள்ள பாறையைப் பார்த்து நீங்கள் எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்று அறியுங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்திச் செல்லுங்கள். களைத்தபின் அதுவே உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இழுத்துச் சென்றால் எதிர்க்காமல் குறுக்காக நீந்துங்கள்.

உங்கள் கணவர் மிதவை அங்கி அணிந்துகொள்ளட்டும். ஊதி நிரப்பும் மெல்லிய வகை போதும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடலில் அச்சம் தணிந்தவர்தான் நிதானமாக மீனைப் பார்ப்பார். பதற்றத்தில் காலை உதைப்பவர்களின் ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) பட்டுப் பல பவளங்கள் முறிகின்றன. இருவரும் எப்போதும் சேர்ந்தே இறங்குங்கள். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது கட்டாயம். ஸ்நார்கெலிங் மரணங்களில் பலவற்றுக்கு மூழ்குதலோடு இதயக்கோளாறும் காரணமாக இருக்கிறது. படகுப் போக்குவரத்து உள்ள இடமென்றால் பளிச்சென்ற நிற மிதவை ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லுங்கள். நீரின் மேல் தெரியும் கறுப்புக் குழாய் முனை எந்தப் படகோட்டியின் கண்ணிலும் படாது.

சுறாவைப் பற்றிய அச்சம் தேவையற்றது. அங்கே நீங்கள் காணும் கருந்துடுப்புச் சுறா உங்களைக் கண்டதும் விலகிப்போகும். நான் அஞ்சும் மீன் கிளாத்தி. டைட்டன் கிளாத்தி என்னும் பெரிய வகை, மணலில் குழிபறித்து முட்டையிட்டிருக்கும் காலத்தில், அருகில் வருபவரைத் துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பாக இருப்பதால், மேலே ஏறித் தப்ப முயலாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். கல்மீன், கடல்முள்ளி இரண்டும் காலை ஊன்றுபவர்களுக்கே தீங்கு செய்கின்றன. பவளத்தின்மேல் காலே வைக்காவிட்டால் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. சதுப்புக்காடு நிறைந்த ஆற்று முகங்களில், அந்தமானிலும் பாப்புவாவிலும், உவர்நீர் முதலைகள் உண்டு. எந்தக் கழியருகே இறங்கக் கூடாது என்று உள்ளூரார் சொன்னால் மறுபேச்சின்றிக் கேளுங்கள்.

வெயிலுக்குச் சன்ஸ்கிரீனை நம்புவதைவிட, நீண்ட கையுள்ள நீச்சல் சட்டையும் முழங்காலுக்குக் கீழ் வரும் கால்சட்டையும் அணியுங்கள். குப்புற மிதப்பவரின் முதுகும் தொடையின் பின்புறமும்தான் முதலில் வெந்துபோகும். அங்கே எதைப் பூசினாலும் நீரில் விரைவில் கரைந்துவிடும்.

மறுமொழி: நெய்தல்வாசி

ஜூலை, ஆகஸ்ட் என்றால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். அந்த மாதங்களில் ராஜா அம்பட்டில் தென்காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே அங்கு அமைதியான காலம். அந்தமானிலும் இலட்சத்தீவிலும் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். சிமிலான், சூரின் மூடியிருக்கும். மாலத்தீவில் மழை இருந்தாலும் ஹனிஃபாருவில் மாண்டா வரும் பருவம் அதுதான். ஆனால் உங்களுக்குக் காடு கிடைக்காது.

எஞ்சுபவற்றில் இரண்டைச் சொல்வேன். ஒன்று மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தியோமான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அப்பகுதித் தீவுகள் ஏறக்குறைய உறங்கிவிடும்; ஜூலையில் கடல் அமைதியாக இருக்கும். 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையும் முதுகாடும் கொண்ட தீவு அது. தெக்கேக்கிலிருந்து மறுகரையில் உள்ள ஜுவாராவுக்குக் காட்டை ஊடறுத்து நடந்தே போகலாம், ஜுவாராவில் அகன்ற மணற்கரையும் உண்டு. சுற்றியுள்ள கடல் காப்புப்பகுதி. திறந்த கடலில் பழக்கமில்லாதவருக்கு நல்ல பயிற்சிக்களம். கெடாத தீவு என்று மட்டும் சொல்லமாட்டேன். விடுமுறை நாள்களில் கூட்டம் வரும்.

மற்றொன்று நீங்களே குறிப்பிட்ட டோகியன். சுலாவெசியின் தோமினி வளைகுடாவுக்குள், மூன்று பக்கமும் நிலம் சூழ அமைந்திருப்பதால் அங்கே பேரலைகள் குறைவு. கரையோரத் திட்டு, தடுப்புத் திட்டு, வட்டப் பவளத்திட்டு ஆகிய மூன்று வகைகளும் அங்கே அருகருகே காணக்கிடைக்கும். 2004 முதல் அது தேசியப் பூங்கா. டோகியனுக்கே உரிய குரங்கும் பாபிருசா என்னும் வளைந்த கொம்பன்ன பல்லுடைய பன்றியும் காட்டில் வாழ்கின்றன. திசைமானி அவர்கள் குறிப்பிட்ட வெடிமீன்பிடி அங்கும் நடந்திருக்கிறது, சில திட்டுகளில் அதன் வடு தெரியும். ஆனால் அருகிலுள்ள ஊனா-ஊனாவைப் பாருங்கள். 1983இல் அதன் கோலோ எரிமலை வெடித்தபோது, மக்கள் அனைவரும் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். தீவின் பெரும்பகுதியை எரிமலைச் சாம்பல் மூடியது, கரையோரப் பவளமும் மடிந்தது. இன்று அத்தீவைச் சுற்றிய பவளச்சுவரைக் காணவே முக்குளிப்போர் செல்கிறார்கள்.

டோகியனுக்குச் செல்ல சுலாவெசியின் ஆம்பானாவிலிருந்து படகு, கொரொந்தாலோவிலிருந்து வருவதானால் ஓர் இரவுக் கப்பல், அதுவும் எல்லா நாளும் இல்லை. பல விடுதிகளில் மின்சாரம் மாலையில் சில மணிநேரமே இருக்கும். நல்ல மருத்துவமனைக்குக் கடலைக் கடந்தாக வேண்டும் என்பதால், அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் போக வேண்டாம். கொசுவலையும், மலேரியா தடுப்பு மாத்திரை பற்றிய மருத்துவர் ஆலோசனையும் தேவை.

பவளமல்லி

இருவரும் பேசி டோகியன் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் வாரம் தியோமானில் தங்கிப் பழகிவிட்டுப் பிறகு அங்கே செல்லலாம் என்பது என் கணவரின் யோசனை. மீசையைப் பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. கடைசியாக ஒன்று. விடுதிக்காரர்களுக்கு எழுதும்போது, அவர்கள் கரையோரப் பவளத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறார்களா என்று அறிய என்ன கேட்கலாம்?

மறுமொழி: திசைமானி

பவளம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே எழுதுவார்கள். வற்றத்தின்போது உங்கள் துறையின் கடைசிப் படியில் எவ்வளவு ஆழம் இருக்கும், அங்கிருந்து விளிம்புக்கு எத்தனை நிமிடம் நீந்த வேண்டும், விருந்தினரின் படகுகளை எங்கே கட்டுகிறீர்கள், சென்ற மாதம் அந்த இடத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நாள்தோறும் அந்தத் தண்ணீரில் இறங்குபவர் இவற்றுக்கு ஒரு வரியில் விடை எழுதிவிடுவார்.

இன்னொன்று: தியோமானிலிருந்து டோகியன் செல்ல இரண்டு நாடுகளையும் பல படகுகளையும் விமானங்களையும் கடக்க வேண்டும். கப்பல் இல்லாத நாள் ஒன்று நடுவில் விழுந்தால் திட்டம் முழுவதும் சரியும். கொரொந்தாலோ கப்பல் எந்தெந்தக் கிழமைகளில் புறப்படுகிறது என்பதை முதலில் உறுதிசெய்து, அதிலிருந்து பின்னோக்கி விமானச்சீட்டுகளை எடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்பு குறைந்தது இரண்டு நாளாவது பெருநிலத்தில் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்; காற்று மாறினால் படகோட்டி கிளம்பமாட்டார், அவரைக் கிளம்பச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.